முதல் கேள்வி

“என் பொண்ணு போய்ப் பாடம் எடுத்ததுலேர்ந்து போலந்துல ஒருத்தர்கூட ‘ஹலோ’ சொல்றதில்ல பாய். பால்காரன்லேர்ந்து மேயர் வரைக்கும் ‘சாப்டாச்சா?’ன்னுதான் கேக்கறா!”

விமான நிலைய வாசலில் நின்று பத்ரிநாராயணன் அளந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பரிமாற்ற உதவித்தொகையில் ஆங்கிலம் கற்பிக்கப் போன மகள் ரோஹிணிக்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

“இங்கிலீஷ் சொல்லித்தரப் போன பொண்ணு தமிழையா பரப்பிச்சு? கொஞ்சம் கொறச்சுக்கங்க சார்.” பெருங்களத்தூரிலிருந்து காரில் கூட்டி வந்த பக்கத்து வீட்டு ஹனீஃபா டிபன் பாக்ஸை நீட்டினார். “மொதல்ல இந்த இட்லியச் சாப்பிடுங்க. நேத்துலேர்ந்து பட்டினி.”

“ரோஹிணி கேக்காம சாப்பிட மாட்டேன். தினம் போன்ல அவ கேக்கற மொதக் கேள்வியே அதானே! கிளாஸ்லயும் அதையே வணக்கமாச் சொல்லிக் குடுத்துட்டா.”

“ரீல் விடாதீங்க சார்.” ஹனீஃபா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எதிரே சரக்குப் பிரிவின் இரும்புக் கதவு திறந்தது. நீளமான மரப்பெட்டி ஒன்றைத் தள்ளி வந்தார்கள். அதன்மேல் ரோஹிணியின் பெயர். போன வாரம் பனியில் கார் சறுக்கி இறந்துபோனவள்.

பெட்டிக்குத் துணையாக வந்த போலந்து மாணவி, ரோஹிணி காட்டிய படத்தில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு நேரே வந்து கைகூப்பினாள்.

“அப்பா... சாப்டாச்சா?”

பத்ரிநாராயணன் ஹனீஃபாவின் பக்கம் திரும்பினார்.

“கேட்டேளா பாய்?”

“கேட்டேன் சார்.” ஹனீஃபா டிபன் பாக்ஸைத் திறந்தார். “நீங்க சொன்னது அத்தனையும் நெசம்.”