கொடி போர்த்திய நாற்காலி

முதலில் நாற்காலித் தொழிற்சாலையைப் போலந்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து, காலியான கட்டடத்தை வீடுகளாகப் பிரித்துப் பணக்காரர்களுக்கு விற்றார்கள். அதற்கடுத்து, தொழிலாளர் சங்கக் கிளையைப் பெரிய சங்கத்தோடு இணைத்துவிட்டுக் கூட்ட அரங்கைப் பூட்டினார்கள். கடைசியாக, கிளையின் செங்கொடியை ஒரு நாற்காலிக்கு உறையாகத் தைத்துக் கண்காட்சியில் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கடைசிச் செய்தி, கிளையின் பழைய பேச்சாளர் தோர்கிலுக்கு இன்று காலையில்தான் வந்தது.

நாளை ஐனர் ஸ்கோவின் அடக்கம். சங்கக் கூட்டங்களில் நாற்காலி போட்டு, காபி கலந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர். கோபன்ஹேகனில் சங்கத்துக்காரன் செத்தால் கொடி வரவேண்டும். குழிமேல் மூன்று முறை தாழ்ந்து வணங்க வேண்டும். ஐனருக்கான இரங்கல் உரையைத் தோர்கில் எழுதி முடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கொடியைத்தான் காலைவரை காணோம். அரங்கைப் பூட்டிய பிறகு அது யாரிடம் இருந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஊர் முழுக்க வடிவமைப்புத் திருவிழா. துறைமுகத்துப் பழைய கிடங்கிலும் ஒரு கண்காட்சி. தோளில் துணிப்பையும் கையில் ஒயினுமாகக் கூட்டம் அலைமோதியது. தோர்கில் இடித்துக்கொண்டு உள்ளே போனார். பழைய தோழி இங்கர் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மெதுவாப் போ தோர்கில். நாளைக்கு இன்னொரு குழி வெட்ட வச்சிடாதே."

"கொடி இல்லாம ஐனரைப் புதைக்கச் சொல்றியா?"

"அந்தக் கொடியை நீ கடைசியா எப்பப் பார்த்தே?"

"மே தினத்துல."

"எந்த மே தினம்?"

தோர்கில் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நடுக்கூடத்தில் நாற்காலி தெரிந்துவிட்டது. சிவப்புப் பட்டு, ஓரத்தில் பொன்னிழைக் குஞ்சம், சாய்மானத்தில் 'ஒற்றுமை' என்ற எழுத்து. அதில் ஓர் இளைஞன் சாய்ந்துகொண்டு இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"எழுந்திருடா!"

அவன் எழுந்த வேகத்தில் துணுக்குகள் சிதறின. தோர்கில் பக்கத்திலிருந்த மரப்பெட்டிமேல் ஏறினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! உங்களைச் சாட்சியாக் கூப்பிடறேன். இது நாற்காலி உறை இல்லை. எங்க செத்தவங்களுக்குத் தலைகுனிஞ்ச கொடி. திருட்டுச் சொத்து!"

சிலர் கைதட்டினார்கள்.

"பெரியவர் என்னமா நடிக்கிறார்!" என்றாள் ஒருத்தி. "இதுவும் கண்காட்சியில சேர்த்தியா?"

"நடிப்பு இல்லம்மா, ரத்தம்!" என்று கத்தினார் தோர்கில்.

நாற்காலியைச் செய்த ஆஸ்தா என்ற பெண் முன்னால் வந்தாள்.

"திருடலைங்க. குடுத்தாங்க. வெட்டக்கூட இல்லை, மடிச்சுத்தான் தைச்சிருக்கேன். அவர் அப்படித்தான் கேட்டார்."

"எவர்? பெரிய சங்கத்து ஆளா?"

"உங்க கிளைக்காரர்தான். கொடியைக் கடைசியாத் தூக்கினவர். சங்கத்துல யார் செத்தாலும் இவர்தான் கல்லறைக்குக் கொண்டுபோவாராம். கொடிக்கு ரெண்டு பக்கமும் தோழர்கள் நிக்கணுமாமே? மழையா இருந்தாலும் வாசல்லயே நின்னு பார்ப்பாராம். யாரும் வரமாட்டாங்களாம். அப்புறம் தனியாப் போய்த் தாழ்த்திட்டு, சுருட்டிக்கிட்டு பஸ் ஏறிடுவாராம்."

இங்கர் தரையைப் பார்த்தாள்.

"பொய்! எங்களைக் கேவலப்படுத்த எவனோ கட்டின கதை. எந்தத் தோழன் சாவுக்கு நான் இரங்கல் எழுதாம விட்டேன்?"

"எழுதினே" என்றாள் இங்கர். "வந்தியா? நானுந்தான் வரலை."

"நீ சும்மா இரு." ஆஸ்தாவின் பக்கம் திரும்பினார். "கொடியைத் தூக்கினவன் அதை உன்கிட்ட ஏன் குடுக்கணும்?"

"'எங்க ஆளுங்க சாவுக்கே எங்க ஆளுங்க வர்றதில்லை. உங்க திருவிழாவுக்கு ஊரே வருது. யாராவது தொட்டாவது பார்க்கட்டும்'னார்."

"அவன் பேரைச் சொல்லு."

"வேண்டாங்க. சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். தோழர்கள் மனசு சங்கடப்படுமாம்."

"துரோகிக்கு என்ன மறைவு? இத்தனை பேர் முன்னால பேர் வந்தாகணும்!"

இந்த ஊரில் நல்ல நாற்காலியைக் கண்டால் உட்காருமுன் கவிழ்த்துப் பார்ப்பார்கள். யார் கைப்பட்டது என்று சொல்லும் முத்திரை அடியில்தான் இருக்கும். தொழிற்சாலையில் அந்த முத்திரையை வாழ்நாளெல்லாம் அடித்தவர் தோர்கில். அவர் பெட்டியைவிட்டு இறங்கி நாற்காலியிடம் குனிந்ததும் ஆஸ்தா பதறிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

"கெஞ்சிக் கேக்கறேன், பார்க்காதீங்க. அடியில அவர் பேரை என் நன்றிக்காகத்தான் தைச்சேன். இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். வந்ததும் அவர்கிட்டயே பேசிக்குங்க."

"வரட்டும். வரும்போது அவன் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கட்டும்."

அவள் கையை விலக்கிவிட்டு நாற்காலியைக் கவிழ்த்தார். கைபேசிகள் உயர்ந்தன. அடியில் கறுப்பு நூலில் பொடி எழுத்து. தோர்கில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கியே தேவைப்படாத அந்தக் குரலில், பின்வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"ஐனர் ஸ்கோவ்."