அமாவாசை வாய்தா

"எதிர்மனுதாரர் அந்தோணியம்மாள் வரலை மேடம். அவங்க இல்லாமலே தீர்ப்புச் சொல்லிடலாம்" என்றார் வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் ரகுபதி.

சட்டப்படி கேட்கக்கூடியதுதான். பெயரைக் கூப்பிட்டபோது அந்த அம்மாள் கோர்ட்டில் இல்லை. மயிலாப்பூரில் அவர் குடியிருந்த ஒற்றை அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கு அது. அன்றைக்கே தீர்ப்பாகியிருந்தால், தெருத்தெருவாக மீன் விற்கும் அந்த அம்மாள் சட்டி பானையோடு நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

புதிதாக வந்திருந்த நீதிபதி ஜான்சி வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"மீன் விக்கிறவங்க காலை வியாபாரத்தை விட்டுட்டு வர முடியாது சார். மதியம் கூப்பிடலாம்."

மதியம் அந்தோணியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். வழக்கு வேறு தேதிக்குப் போனது.

ரகுபதிக்கு வந்ததே கோபம். ஜான்சியும் மீனவக் குப்பத்துப் பெண்தான் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் மனைவி விசாலாக்ஷியிடம் கொட்டித் தீர்த்தார்.

"எல்லா ஜனத்துலேர்ந்தும் ஜட்ஜ் வேணும்னு பொறுக்கி எடுத்தா இப்படித்தான் ஆகும். தன் மனுஷான்னதும் மனசு இளகிடறது பாரு. ஜட்ஜுன்னா, எதிர்ல நிக்கறவா யாரு, என்ன தொழில் பண்றான்னே தெரியப்படாது."

பாவம், அந்தப் பொம்மனாட்டி வந்த பிறகு விசாரித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று விசாலாக்ஷி கேட்டுப் பார்த்தார். ரகுபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் இப்படி நடந்தால் மேலே புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த வாய்தா அமாவாசையன்று வந்தது.

முன்பெல்லாம் அமாவாசையில் ரகுபதிக்குக் கவலையே இருந்ததில்லை. பழைய நீதிபதி தாமே தர்ப்பணம் செய்துவிட்டு வருகிறவர். இவர் அன்றைக்குத் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்டதில்லை. வழக்கைத் தாமாகவே கடைசிக்குத் தள்ளிவிடுவார். அதற்குச் சலுகை என்று யாரும் பெயர் வைத்ததும் இல்லை.

இந்த அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்துவைக்கும் வாத்தியார் வரத் தாமதமாகிவிட்டது. ஜூனியர் மகேஷும் ஊரில் இல்லை. தர்ப்பணத்தை முடித்து, ஆட்டோ பிடித்து, ரகுபதி வியர்க்க விறுவிறுக்க கோர்ட்டுக்குள் நுழைந்தார். அந்தோணியம்மாள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வக்கீல் செம்பியன் கிட்டே வந்தார்.

"கூப்பிட்டாங்க சார். நீங்க இல்ல. உங்க மனுவைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்டேன்."

போன தடவை தாம் கேட்டதைத்தான் எதிராளி இப்போது கேட்டிருக்கிறார். எந்த முகத்தோடு குறை சொல்வது?

"பண்ணிட்டாங்களா?"

"இல்ல சார். இன்னிக்கு அமாவாசை, தர்ப்பணம் முடிச்சுட்டு வருவாரு, கடைசியில கூப்பிடலாம்னு சொல்லிட்டாங்க."

ரகுபதிக்கு ஒன்றும் புரியவில்லை. தள்ளுபடி செய்திருந்தால் அந்தோணியம்மாளின் வீடு அன்றைக்கே தப்பியிருக்கும். தன் மனுஷி என்று பார்க்கிறவர் அதைத்தானே செய்திருக்க வேண்டும்?

வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நன்றி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"மேடத்துக்கு எங்க வழக்கமெல்லாம் எப்படித் தெரியும்?"

ஜான்சி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அமாவாசைன்னா மயிலாப்பூர் பக்கம் யாரும் மீன் வாங்க மாட்டாங்க சார். எங்கம்மா கூடை அப்படியே திரும்பி வரும். அன்னிக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியாது. பசிக்குதுன்னு அழுதா, 'அவங்கல்லாம் செத்துப்போன பெத்தவங்களுக்குச் சோறு வைக்கிற நாளு கண்ணு, நாம ஒரு வேளை பொறுத்துக்கினா இன்னா?'ன்னு எங்கம்மா சொல்லும்."