நாலு கேள்வி

"இது செல்லாதும்மா. ரெண்டு வருஷ அனுபவம் வேணும்னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

தடுப்புக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் கிளார்க் அம்மா. அந்தக் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். இப்படித் திருப்பிக் கொடுக்கும்போது எத்தனையோ முகம் வாடிப் பார்த்தாயிற்று. எதிரே நின்ற பெண்ணின் முகம் வாடவில்லை. அதுதான் அவரை என்னமோ செய்தது.

"பார்த்தேன் மேடம். படிக்கும்போதே அரசாங்கத்தோட கொள்கைப் பிரிவுல ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணியிருக்கேன். சர்டிபிகேட் இருக்கு. அதைச் சேர்த்துக்க மாட்டீங்களா?"

"சேர்த்துக்கணும்னு எனக்கும் ஆசைதான். கம்ப்யூட்டர் சேர்த்துக்காதே. சம்பளம் வாங்கின வேலைதான் அனுபவமாம்."

மணி நாலரை. இன்றுதான் கடைசி நாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஈ, காக்கா இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் இந்த நாளில் வரிசை படிக்கட்டைத் தாண்டி வாசல் வரை நிற்கும்.

"இதுக்கு முன்னால எங்கெங்கே போட்டே?"

"இது ஒன்பதாவது ஆபீஸ் மேடம். எல்லா இடத்துலயும் இதே ரூல்தான். முதல் வேலைக்கே அனுபவம்."

கிளார்க் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு நீளும் என்று அந்த ஆபீஸுக்கே தெரியும்.

"உள்ளதைச் சொல்லட்டுமா? இந்த ரூல் வந்தப்போ நாங்க எல்லாரும் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். பன்னிரண்டு வேலைக்கு நாலாயிரம் விண்ணப்பம் வரும். பிரிச்சு அடுக்கவே ரெண்டு மாசம். ஞாயித்துக்கிழமைகூட வந்து உட்காருவோம். ரூல் வந்த அடுத்த தடவை அறுபதே அறுபது. அஞ்சு மணிக்கெல்லாம் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, என் பையன் படிப்பை முடிச்சான்." அவர் குரல் இறங்கியது. "பதினாலு மாசமா வீட்லயே இருக்கான். முன்னெல்லாம் வாய் ஓயாது அவனுக்கு. இப்போ நான் உள்ளே நுழைஞ்சா டிவியை அணைச்சுட்டு எழுந்து போயிடறான். வேலை என்னாச்சுன்னு கேட்டுடுவேனோன்னு பயம். பெத்த பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுதுன்னா எப்படிம்மா இருக்கும்?"

அந்தப் பெண் தோள் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"சரி, என் புலம்பலை விடு. இன்டர்ன்ஷிப்ல என்ன பண்ணினே? டீ வாங்கிக் கொடுத்தியா, ஜெராக்ஸ் எடுத்தியா?"

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டும்தான். அஞ்சு மாசம் அதேதான். கடைசியில ஒரு நாள் பெரிய சார் கூப்பிட்டு ஒரு பிரச்சினையைச் சொல்லி, இதுக்கு ஏதாவது வழி எழுதிட்டு வான்னார். ஒரே வாரத்துல ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரிகூட மாத்தாம ஏத்துக்கிட்டாங்க. எனக்குத் தலைகால் புரியலை. வீட்ல எல்லாரையும் உட்கார வெச்சுப் படிச்சுக் காட்டினேன்."

"கெட்டிக்காரிதான்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். எழுதறதுக்கு முன்னால ஒரு தடவையாவது வெளியில வந்து நாலு பேர்கிட்ட பேசியிருக்கணும். அந்தப் புத்தி அப்போ இல்லை."

கிளார்க் அம்மாவின் காதில் அது பாதிதான் விழுந்தது. மனசு இன்னும் பையனிடமே இருந்தது.

"இந்த ரூலைப் போட்ட மகராசனுக்கும் அந்தப் புத்தி இல்லை பாரு. முப்பது வருஷ சர்வீஸ் இருக்கும். வழுக்கைத் தலை, ஏசி ரூம். தன் பிள்ளைக்கு எங்கேயோ ஒரு வேலையைப் பார்த்து வெச்சுட்டு, ஊரான் பிள்ளைங்க வயித்துல அடிச்சுட்டான். என் கண்ணுல மட்டும் படட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கறேன்."

"என்ன கேட்பீங்க?"

"எல்லாம் தயாரா இருக்கு. தினமும் பஸ்ல வரும்போது சொல்லிப் பார்த்துக்கறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"இதை மாத்தச் சொல்லி யாரும் மனு கொடுக்கலையா மேடம்?"

"கொடுக்காம என்ன? இதோ அலமாரியில கட்டுக் கட்டாத் தூங்குது. வெளியாளுங்க கொடுத்தா வரிசைப்படிதான் எடுப்பாங்க. அதுக்குள்ள என் பையனுக்குத் தலை நரைச்சுடும். ஒரு ரூலை எழுதினவங்களே அது தப்புன்னு எழுதிக் கொடுத்தா மட்டும் ஒரு மாசத்துல கமிட்டி எடுத்தே ஆகணும்."

"அதையும் இந்தக் கவுண்டர்லயே வாங்குவீங்களா?"

"தாராளமா. சீல் குத்தி ரசீதும் கொடுப்பேன். ஆனா அந்த ஆளு எதுக்கு இங்கே வரப் போறான்?"

பையின் ஜிப் கடைசியாக ஒருமுறை திறந்தது. சற்றுமுன் விண்ணப்பம் திரும்பி வந்த அதே இடைவெளி வழியாக, கையெழுத்துப் போட்டு மடித்த ஒரு கடிதத்தை உள்ளே தள்ளினாள் அந்தப் பெண்.

"சீல் குத்திடுங்க மேடம்," என்றாள் மெல்ல. "அப்புறம், அந்த நாலு கேள்வியையும் கேட்டுடுங்க."