தட்டுக்குத் தட்டு புது எண்ணெய்

"பாருங்க, பாருங்க! மறுபடியும் மாத்திட்டான்!"

வறுவல்கடைக்காரரின் மனைவி கரண்டியும் கையுமாக எதிர்க்கடையைக் காட்டினாள். அங்கே புதிதாகக் கடை போட்டிருந்த தொப்பிக்காரன் குளிக்கிற தொட்டி அளவு வாணலியில் எண்ணெயைக் காய்ச்சி, அதில் ஒரு கைப்பிடி உருளைக்கிழங்குச் சீவலைத் தூவினான். பொரிந்ததும் அரித்தெடுத்துவிட்டு, அடியிலிருந்த குழாயைத் திறந்து மொத்த எண்ணெயையும் பின்பக்கத்துப் பீப்பாய்க்கு அனுப்பினான்.

வறுவல்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. அவருடைய கடையில் எண்ணெய்க்கு ஓய்வு ஒழிச்சலே கிடையாது. வாரத் தொடக்கத்தில் ஊற்றினால் வாரக் கடைசி வரை உழைத்து, தார் நிறத்துக்கு வந்த பிறகுதான் அதற்குச் சாக்கடையில் விடுதலை. "அப்பத்தாங்க வறுவலுக்கு ஒரு குணம் வரும்" என்று வாடிக்கையாளர்களிடம் கூசாமல் சொல்லியும் வந்தார்.

அந்தக் குணத்தைத் தேடி இப்போது ஓர் ஈ கூட வரவில்லை. எதிரே 'தட்டுக்குத் தட்டு புது எண்ணெய்' என்று பலகை. விலையோ இவருடையதில் பாதி. வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருந்தது.

'சமையலறைக் கழிவில் ஓடுகிறேன், பூமியைக் காக்கிறேன்' என்று முதுகில் எழுதிய பேருந்து ஒன்று, வறுத்த வாசனையோடு ஒரு குபீர் புகையை அவர் முகத்தில் விட்டுவிட்டுப் போனது. பூமி பிழைத்தது. அவர்தான் இருமினார்.

"மளிகைக் கடையில வாராவாரம் எண்ணெய் விலை ஏறுது. நாம ஒரு டின் வாங்கவே முழி பிதுங்குது. இவனுக்கு மட்டும் எப்படிங்க கட்டுப்படியாகுது?" என்றாள் மனைவி.

"ஆகாதுடி. நம்மள ஒழிக்கிற வரைக்கும் நஷ்டத்துல விப்பான். நாம போனதும் விலையைத் தூக்கி வச்சுடுவான். பெரிய முதலைங்க வேலையே அதுதான்."

அவர் சும்மா இருக்கவில்லை. கலப்பட எண்ணெய் என்று சுகாதார இலாகாவுக்குப் பெயர் போடாமல் ஒரு புகார் தட்டிவிட்டிருந்தார். அடுத்த வாரமே எதிர்க்கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் கண்ணாடிக் குழாயோடு இறங்கினார். கணவனும் மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அதிகாரி நேரே பீப்பாய்க்குப் போனார். எண்ணெயை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், முகம் மலர்ந்தார், பீப்பாயில் ஒரு முத்திரை குத்தினார், தொப்பிக்காரனின் கையைக் குலுக்கினார். வறுவல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டார்.

"ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கூடப் பாக்கல, பாத்தியா? நல்லா கவனிச்சிருக்கான்!" என்று பல்லைக் கடித்தார் வறுவல்கடைக்காரர்.

இனி நடக்கப்போவது அவருக்குத் தெரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு மச்சான் வீட்டு மாடிக்குக் குடிபோக வேண்டும். மச்சான் சும்மாவே இளக்காரம் பேசுகிறவன். சோறு போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். அதை நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கு எதிர்க்கடையில் கைகட்டி வேலை பார்ப்பதே தேவலை என்று மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"தம்பி, நாங்க தோத்துட்டோம். கடையை நீங்களே எடுத்துக்கங்க. எனக்கும் என் சம்சாரத்துக்கும் இங்க ஒரு வேலை போட்டுக் குடுங்க. உங்க போட்டியைத் தாங்க முடியல."

தொப்பிக்காரன் பதறிப்போனான். "என்னண்ணே இது! உங்களுக்கும் எங்களுக்கும் என்ன போட்டி?"

"நீங்களும் வறுவல்தானே விக்கிறீங்க?"

தொப்பிக்காரன் அக்கம்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பச்சை இலைப் படம் போட்ட டேங்கர் லாரி ஒன்று குழாய் வழியாகப் பீப்பாய்களை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பெட்ரோல் தீந்துடும்னு எங்க கம்பெனி மொதல்ல நிலக்கரியிலருந்து எண்ணெய் எடுக்க இறங்கி, கையைச் சுட்டுக்கிச்சு. இப்போ பொரிச்சு மிஞ்சின எண்ணெயில பஸ் ஓட்டினா அரசாங்கம் மானியம் குடுக்குது. புதுசை விட பழசுக்குத்தான் கிராக்கி! ஆனா ஊர்ல அவ்வளவு பழசு ஏது? அதான் நாங்களே தயார் பண்றோம். நாலு கிழங்கு உள்ள விழுந்து எந்திரிச்சாப் போதும், புதுசு பழசாயிடும். அன்னிக்கு அந்த மானிய ஆபீசர் வந்து பாத்து 'பழசுதான்'னு முத்திரை குத்திட்டுப் போனாரே!"

வறுவல்கடைக்காரரின் கண்ணில் ஒரு வெளிச்சம். "தம்பி! என்கிட்ட வாரம் பூரா கொதிச்ச அசல் பழசு இருக்கே! எடுத்துக்கறீங்களா?"

"ஐயய்யோ! அது நிஜமாவே பழசாச்சே! மெஷின் அடைச்சுக்கும்ணே."

வந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவரைப் பார்க்கத் தொப்பிக்காரனுக்கே பாவமாக இருந்தது. சூடான வறுவல் கூடை ஒன்றைத் தூக்கி அவர் கையில் வைத்தான்.

"இந்தாங்கண்ணே. நாளையிலருந்து எங்க வறுவல் மொத்தத்தையும் நீங்களே கொண்டுபோய் வித்துக்கங்க. எங்களுக்கும் ஒரு தொல்லை விடும்."

அவரால் நம்ப முடியவில்லை. மச்சான் வீட்டு மாடி கண்ணிலிருந்து மெல்ல மறைந்தது. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதுக்கு நான் எவ்வளவு தரணும், தம்பி?" என்றார்.

"கழிவுக்கு யாருண்ணே காசு வாங்குவா?"