அழுகைக் காட்சிக்கு ஒரு குரல்

“அம்மா, உங்க வீட்டுத் திருட்டை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப நாங்க ஒரு திருடனைத் துரத்திக்கிட்டு இருக்கோம். சத்தம் போடாம அந்த பெஞ்சுல உக்காருங்க.”

இன்ஸ்பெக்டர் ரத்தினவேல் சொன்னது பொய்யில்லை. துரத்திக்கொண்டுதான் இருந்தார். வானொலி நாடகத்தில்.

ஓசூருக்கு வெளியே, கம்பெனி பஸ்கள் திரும்பும் வளைவில் இருந்தது அந்தச் சின்ன போலீஸ் ஸ்டேஷன். பூட்டிய வீடுகளில் திருட்டு பெருகிவிட்டதால், மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட எஃப்.எம்.மில் வாரம் ஒரு துப்பறியும் நாடகம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கதை, வசனம், கதாநாயகன் மூன்றும் ரத்தினவேல்தான். ஒன்பது வாரங்களில் ஒன்பது கொள்ளைக் கும்பல்களை, ஒவ்வொன்றையும் அரை மணி நேரத்துக்குள் பிடித்திருந்தார். ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்த திருடர்கள்தான் ஒருவரும் அகப்படவில்லை. அவர்களுக்கு வசனம் எழுதித் தர முடியாதே.

பத்தாவது வாரத்துக்கான ஒலிப்பதிவு அன்று மதியம் தொடங்கியிருந்தது. மைக்கும் லேப்டாப்பும் சப் இன்ஸ்பெக்டர் ஸ்வாதியின் பொறுப்பு. ஏட்டு முனிவேல் திருடன். வாசல் காவலுக்கு நிற்க வேண்டிய தினேஷ்குமார், ஜல்லி கொட்டிய தகரத் தட்டில் பூட்ஸோடு நின்று, ஓடும் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். செல்போன்கள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. ஸ்டேஷன் போனின் ரிசீவரையும் எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள்.

“நீ தப்ப முடியாது! வீட்டைச் சுற்றி போலீஸ்!” என்று ரத்தினவேல் மைக்கில் கர்ஜித்தார்.

“ஐயோ. நான். மாட்டிக். கொண்டேன்,” என்று எஃப்.ஐ.ஆர். வாசிப்பதுபோல வாசித்தார் முனிவேல்.

“யோவ், மாட்டுன திருடன் பேசற மாதிரி பேசுய்யா.”

“மாட்டுன திருடனைப் பாத்தே ரொம்ப நாளாச்சுங்க சார்.”

ரத்தினவேல் முறைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போனார். நகையைப் பறிகொடுத்த பெண் அழ வேண்டும். ஸ்வாதி முயன்று பார்த்தாள். கொட்டாவி விடுவதுபோல இருந்தது.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“பீரோவை ஒடச்சு ஒரு குந்துமணி இல்லாம அள்ளிட்டுப் போய்ட்டாங்களே... சாமி, நான் எங்க போயி நிப்பேன்...”

எல்லோரும் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்த காளியம்மாள். இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு, குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கதவு பிளந்து கிடந்தது என்று சொல்லியிருந்தாள்.

ரத்தினவேலின் கண்கள் கலங்கின. அவளுடைய நகைக்காக அல்ல, அவளுடைய குரலுக்காக.

“ஸ்வாதி, மைக்கை அந்தம்மாகிட்ட கொண்டு போம்மா.”

“சார், மொதல்ல கம்ப்ளெயின்ட் எழுதிக்கலாமே...”

“நகை எங்க போயிடப் போகுது? போனது போனதுதான். அழுகை போச்சுன்னா வராது.”

காளியம்மாள் மறுக்கவில்லை. அழுதாள். நாடகத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே அழுதாள். முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, “சரியா வரலீங்களா ஐயா? இன்னொரு தடவை அழுவட்டுங்களா?” என்றாள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு தினேஷ்குமார் தட்டிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தான். “சார், நான் வாசலுக்குப் போறேன். கேட்டுல ஆளே இல்ல.”

“அந்தத் தம்பி ஓடற சத்தம் காதுல விழுந்தாத்தாங்க ஐயா எனக்கு அழுகை தானா வருது,” என்றாள் காளியம்மாள்.

“கேட்டியா? ஓடுய்யா,” என்றார் ரத்தினவேல்.

தினேஷ்குமார் ஓடினான். இரண்டு மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடினான்.

கடைசியில் கதாநாயகன் திருடனைப் பிடித்தார். “அம்மா, இதோ உங்கள் நகைகள். சட்டத்தின் கையிலிருந்து எவனும் தப்ப முடியாது!” என்று முழங்கிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்வாதி புகார்க் காகிதத்தை எடுத்தாள். காளியம்மாள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

“இருக்கட்டும்மா. இத்தனை பேரு வேலையை விட்டுட்டு என் கஷ்டத்தைக் கேட்டீங்களே, அதே போதும். நாளைக்கு எங்க வூட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்து எழுதிக் குடுக்கறேன்.”

இவ்வளவு திருப்தியோடு வெளியே போன புகார்தாரர் அந்த ஸ்டேஷனில் அதுவரை இல்லை. பதிவேட்டில் ஒரு வழக்கு குறைந்த சந்தோஷத்தில் ரத்தினவேல் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஷேர் ஆட்டோவையும் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

பிறகு போனை உயிர்ப்பித்தார். உடனே அடித்தது. மனைவி நிர்மலா.

“எங்கங்க போய்த் தொலைஞ்சீங்க? ஸ்கூல் விட்டு வந்து பாத்தா, பின்கதவை ஒடச்சு பீரோவைத் தொடச்சு வச்ச மாதிரி காலி பண்ணிட்டுப் போயிருக்காங்க. மூணு ஆளுங்களாம். பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு போன் மேல போன் போட்டிருக்கு, ஒருத்தரும் எடுக்கல. ஸ்டேஷனுக்கே ஓடி வந்துச்சாம். வாசல்ல ஆளில்ல, உள்ள யாரோ பொம்பளை கதறுற சத்தம். விசாரணை பலமா நடக்குதுன்னு பயந்துட்டுத் திரும்பிடுச்சு.”

ரத்தினவேல் போனைக் காதில் வைத்தபடியே தொப்பியைத் தேடினார்.

“சார்,” என்றாள் ஸ்வாதி. அவள் கையில் இருந்த செல்போனில், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ் மதியமே அனுப்பியிருந்த கன்னடச் செய்தி திறந்திருந்தது. அவள் மெதுவாகத் தமிழில் வாசித்தாள்: “புருஷனும் மச்சினனுங்களும் வீட்டை உடைக்கிற நேரத்துல, பொண்டாட்டி அந்த ஏரியா ஸ்டேஷன்ல போய் உக்காந்து அழுது, போலீஸ் வெளிய வராம பாத்துக்குவா.”

கீழே இருந்த படத்தில் காளியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.