மயக்கம் தெளியும் வரை

"மயக்கம் தெளியறப்போ என்னென்னமோ உளறுவாங்க அக்கா. எதையும் மனசுல வெச்சுக்காதீங்க."

காலையில் அவள் கணவரை அறுவைசிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதே நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். தோளில் ஒரு கட்டி. எடுத்துவிட்டால் மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில், கட்டிலுக்கடியில் அவள் ஒரு பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவர் தேறி எழுந்ததும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதாக உத்தேசம். ஏன் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

இப்போது கட்டியை எடுத்து முடித்து, ஆஸ்பத்திரி அறையில் அவர் கண்மூடிக் கிடந்தார். ஜன்னல் திரை உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. பிற்பகல் வெளிச்சத்தில் அறையே மெல்ல மூச்சுவிடுவதாகத் தோன்றி, அவளுக்கும் கண் சொருகியது.

"நீயா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நான்தாங்க. பேசாமப் படுங்க."

"ஆபீஸ்ல புதுசா ஒருத்தி வந்திருக்கா. சாயந்தரமானா அவளை வீட்டுல கொண்டுபோய் விடுறேன். உங்கிட்ட கோயில்ல பாட்டுப் பயிற்சின்னு சொன்னேன்."

அவளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் வெள்ளை அங்கியோடு முன்வரிசையில் நிற்கிற மனுஷன்!

"போன வாரம் உள்ள வாங்கன்னு கூப்பிட்டா. ஒரு கால் செருப்பைக் கழட்டிட்டேன். அப்புறம் என்னமோ பயம். மாட்டிக்கிட்டு ஓடியே வந்துட்டேன். கால் உள்ள போகலை, ஆனா மனசு போயிடுச்சு. பரிசுத்தமா வாழணும்னு போதகர் சொல்றப்போ தலையை நிமிர்த்த முடியலை."

உளறல்தான். ஆனால் உள்ளதைத்தான் உளறுகிறார். அந்த வாசலில் இருவரும் நின்றதை எதிர்க்கடையிலிருந்து அவளே பார்த்திருந்தாள். மேற்கொண்டு பார்க்கத் தெம்பில்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அவர் ஓடி வந்தது இதுவரை அவளுக்குத் தெரியாது.

நெஞ்சு வலித்தது, லேசாகவும் ஆனது. எழுந்தால் இவருக்கு எதுவும் நினைவிருக்காது என்ற துணிச்சலும் வந்தது.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "பெட்டிகூடக் கட்டி வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமைதோறும் பிள்ளைங்களுக்குச் சுத்தமான மனசைப் பத்திப் பாடம் எடுக்கறேன். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? காலையில உங்களை உள்ள கொண்டுபோனப்போ, இந்த ஆளு திரும்பி வராமலே போயிட்டா என்னன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். நீங்க வாசலோட திரும்பிட்டீங்க. அந்த நினைப்புல நான் உள்ளேயே போயிட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுது நாளாயிற்று.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, சாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்களேன்."

"மயக்கம் தெளியட்டும்மா."

"என்ன மயக்கம்? கட்டி சின்னதுதான்னு டாக்டர் தோளை மட்டும் மரத்துப்போக வெச்சு எடுத்துட்டாரே! சார் முழுக்க முழிச்சுக்கிட்டு, வாய்க்குள்ளயே ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தார்."

அவள் சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினாள். மூடிய இமைகளின் ஓரம் நனைந்திருந்தது.

"அந்தப் பெட்டியைப் பிரிச்சுடறியா?" என்றார் அவர்.