ஒழுகும் டேங்க்

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "டேங்க்லதான் எங்கியோ ஒழுகுது" என்றது ஜெயசீலனின் குரல். போன ஞாயிறும் இதையேதான் சொன்னான்.

ஆம்பூரில் ஒரு ஷூ பாக்டரியில் சூப்பர்வைசர். கூரை திறந்து மூடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, மெக்கானிக் எவனும் தொட வேண்டாம், நானே ஓடவைக்கிறேன் என்று பாக்டரி முழுக்கத் தம்பட்டம் அடித்தான். தெருவில் ஒருவரும் தனக்குச் சமமில்லை என்று யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதவன், அந்த வண்டியிடம் மட்டும் வாராவாரம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

செல்ஃப் அடித்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பிளக்கை மாற்றினான், பெல்ட்டை மாற்றினான், நன்றாக இருந்ததையும் கழற்றி மாற்றினான். கிழிந்த கூரைக்குக் கேன்வாஸ் வாங்காமல், பாக்டரியில் கழித்துப்போட்ட தோலைத் தைத்து மாட்டினான் மகா மேதை. ஒரு மழையில் நனைந்து மறுநாள் வெயிலில் சுருங்கியதோடு சரி, அப்புறம் கூரையை மூடவே முடியவில்லை.

வண்டி வந்த புதிதில் அவன் மனைவி கிறிஸ்டினா, பியூஸைப் பார்த்தீர்களா என்று ஒரு தடவை கேட்டாள்.

"இது இன்னா உன் மிக்ஸியா? போய் சோத்த வடி" என்றான். அதோடு அவள் வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது புதுத் தலைவலி பெட்ரோல். ஓடாத வண்டியில் ஊற்றியதெல்லாம் காணாமல் போனது. டியூப் மாற்றியும் குறைந்தது, மூடி மாற்றியும் குறைந்தது. அந்த எரிச்சலையும் மனைவி மேலேயே கொட்டினான். வீட்டுக்குள் இருப்பவள் ஏன் இப்படிக் கறுத்துப் போகிறாள், நாள் முழுக்க மாடியில் வடகம் காயவைக்கிறாளா என்று கேட்டான்.

இன்றோடு கெடு முடிந்தது. ஓடாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதாக அவனே சொல்லியிருந்தான். கடைக்காரர் சமீருல்லா லாரியோடு வாசலில் நின்றார்.

ஜெயசீலன் எழுந்து வந்து கடைசியாகச் சாவியைத் திருப்பினான். வண்டி இழுத்து இழுத்து அடங்கியது.

"தூக்கிக்கினு போங்க பாய்."

சமீருல்லா சங்கிலியை மாட்டக் குனிந்தார். கிறிஸ்டினா அவரைக் கையமர்த்திவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மணிபர்ஸிலிருந்து சின்ன பியூஸ் ஒன்றை எடுத்து டாஷ்போர்டுக்கு அடியில் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே உறுமலில் ஸ்டார்ட் ஆனது.

ஜெயசீலனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா பாய்? காலைல டியூப இறுக்கினேன்ல, அதான். இனிமே ஒழுகாது."

கிறிஸ்டினா துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கியரைப் போட்டாள்.

"அது என்னிக்குமே ஒழுகலங்க. நீங்க டூட்டிக்குப் போனதும் டெய்லி நான்தான் ஓட்றேன்."